குழிகளில் பூசிய சாம்பல் நிறத்தை எடுத்துவிடு, கவிதா

அன்புள்ள கவிதா,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வளைந்த சட்டத்தில் இழுத்துக் கட்டிய வெள்ளைக் கான்வாஸ், பின்னாலிருந்து முட்டிக்கொண்டு வரும் மேடுகள், நடுநடுவே உள்வாங்கிய குழிகள். நன்றாக வந்திருக்கிறது. இடது ஓரம் நேராக முடியாமல் வெளியே வளைந்து போவது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் குழிகளில் லேசாகச் சாம்பல் நிறம் ஓட்டியிருக்கிறாய். "கண்காட்சி ஹாலில் எல்லாப் பக்கமும் டியூப்லைட் அக்கா, நிழலே விழவில்லை, அதனால் கொஞ்சம் கையால் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தாய். கிட்டத்தட்ட இதே கேள்வியை வேறு சில மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள். அதனால் உன்னிடம் சொல்லிவிட்டு, எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன்.

அந்தச் சாம்பலை எடுத்துவிடு. மேலே இன்னொரு கோட் வெள்ளை அடித்தால் போதும்.

ஏன் என்றால், தட்டையான கான்வாஸில் நிழலை வரைவது வேறு விஷயம். அங்கே வெளிச்சமும் நீ வரைந்ததுதான், நிழலும் நீ வரைந்ததுதான். இரண்டும் ஒத்துப்போகும். பரப்பே மேடும் குழியுமாக இருக்கும் உன்னுடையது போன்ற புடைப்பு வேலையில் வெளிச்சம் அறையிலிருந்து வருகிறது. காலையில் ஜன்னல் பக்கமிருந்து வரும், சாயங்காலம் விளக்கிலிருந்து வரும். அசல் நிழல் அதற்கேற்றபடி இடம் மாறும். நீ பூசிய நிழல் அங்கேயே நிற்கும். ஒரே பரப்பில் இரண்டு விதமான வெளிச்சம் இருப்பதாகக் கண்ணுக்குப் படும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஏதோ பொருந்தவில்லை என்று தோன்றிவிடும். அதன்பிறகு அசல் மேட்டைக்கூட அவர் நம்பமாட்டார்.

என்ரிகோ காஸ்டெல்லானியின் வேலைகளைத் தேடிப் பார். இத்தாலிக்காரர், 1930இல் பிறந்தவர். பிரஸ்ஸல்ஸில் ஓவியமும் கட்டடக்கலையும் படித்துவிட்டு மிலான் திரும்பியவர். 1959இல் பியரோ மன்சோனி என்ற இன்னொரு இத்தாலியக் கலைஞருடன் சேர்ந்து 'அசிமுத்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டே இதழ்கள்தான் வந்தன. அதையொட்டி ஆரம்பித்த கேலரியும் சில மாதங்களில் மூடப்பட்டது. ஆனால் அதே 1959இல் அவர் கண்டுபிடித்த ஒரு முறை, 2017இல் அவர் இறக்கும்வரை கூடவே வந்தது. பெரும்பாலான வேலைகளுக்கு 'மேற்பரப்பு' என்றுதான் பெயர். வெள்ளை மேற்பரப்பு, சிவப்பு மேற்பரப்பு, கறுப்பு மேற்பரப்பு. வேறு கதை எதுவும் கிடையாது.

முறையைச் சொன்னால் எளிமையாகத்தான் இருக்கும். சட்டத்தில் குறுக்கே மரப்பட்டிகள். அவற்றில் வரிசையாக அடித்த ஆணிகள் பின்னாலிருந்து கான்வாஸை முன்னால் தள்ளுகின்றன. அந்த ஆணிகளுக்கு நடுவே முன்பக்கமிருந்து அடித்த ஆணிகள் அதே கான்வாஸை உள்ளே இழுத்துப் பிடிக்கின்றன. ஒரு மேடு, ஒரு குழி, மறுபடி ஒரு மேடு. துணி இரண்டு பக்கமும் இழுபட்டு விறைத்து நிற்கிறது. மேலே ஒரே நிறம், பெரும்பாலும் வெள்ளை. தூரிகைத் தடம் எங்கேயும் தெரியாது.

இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, மேட்டின் உச்சிக்கும் குழியின் அடிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சரிவை. இழுத்துக் கட்டிய துணியில் மடிப்பு விழாது, விளிம்பும் கிடையாது. அதனால் வெளிச்சம் ஓரிடத்தில் முடிந்து நிழல் தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. உச்சியில் சுத்தமான வெள்ளை, கீழே இறங்க இறங்கச் சாம்பல், அப்புறம் அடியில் ஆணி பிடித்திருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கருமை. அவ்வளவு நீளமான, அவ்வளவு மெதுவான நிறமாற்றத்தைத் தூரிகையால் கொண்டுவருவது நடக்கிற காரியமில்லை. காஸ்டெல்லானி அதற்கு முயலவும் இல்லை. துணியை எவ்வளவு இழுப்பது, ஆணிகளை எவ்வளவு தள்ளி அடிப்பது என்பதை மட்டும் முடிவு செய்தார். சாம்பலின் அளவை அறையின் வெளிச்சம் முடிவு செய்துகொண்டது.

இன்னொன்றும் கவனி. இந்த மாதிரி பளபளப்பில்லாத (மேட்) பரப்பின் முன்னால் நீ இடமும் வலமுமாக நடந்தால் நிழல் உன்னோடு நகராது. விளக்கு இருக்கும் இடத்தில்தான் இருக்கிறது, நிழலும் அப்படியேதான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் போகப் போக முன்னால் நிற்கும் மேடுகள் பின்னால் இருக்கும் குழிகளை மறைக்கும். உன் கண்ணில் படும் வெள்ளைக்கும் சாம்பலுக்குமான விகிதம் மாறும். நிழல் மாறாமலே படம் மாறுகிறது. நீ பூசிய சாம்பல் இந்த மாற்றத்தைத்தான் முதலில் கெடுக்கிறது. 1967இல் இத்தாலியின் ஃபொலீஞ்ஞோ ஊரில் நடந்த ஒரு கண்காட்சியில் காஸ்டெல்லானி ஓர் அறை முழுவதையுமே வெள்ளைப் புடைப்புக் கான்வாஸ்களால் அமைத்தார். சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பது போய், அந்த வெளிச்சத்துக்கு உள்ளேயே நடக்கும்படி ஆனது.

இதற்கு எதிர்ப்பக்கம் லூசியோ ஃபொன்டானா. 1958இலிருந்து கான்வாஸைக் கத்தியால் கீறியவர். அந்தக் கீறலுக்குள் தெரியும் இருட்டு தானாக வந்ததில்லை. கான்வாஸின் பின்னால் கறுப்பு வலைத்துணி ஒட்டியிருப்பார். அப்படியென்றால் நிழலைக் கையால் கொடுக்கலாம்தானே என்று நீ கேட்கலாம். ஃபொன்டானாவுக்கு வேண்டியிருந்தது அடி தெரியாத ஒரு திறப்பு. பின்னால் வெள்ளைச் சுவர் தெரிந்திருந்தால் அந்தக் கீறல் வெறும் கிழிசலாகிவிடும். உனக்கு வேண்டியது திறப்பு இல்லை, சரிவு. சரிவில் பூசினால் அது சரிவாகத் தெரியாது, கறையாகத்தான் தெரியும்.

நெதர்லாந்தில் யான் ஸ்கோன்ஹோவன் என்று ஒருவர் இருந்தார். டெல்ஃப்ட் நகரவாசி, தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே அட்டையும் காகிதமும் வைத்துப் புடைப்பு வேலைகள் செய்தவர். வரிசை வரிசையாகச் சதுரக் கட்டங்கள், மேலே வெள்ளை பெயின்ட். சில வேலைகளில் கட்டத்தின் அடித்தளத்தைச் சாய்வாக வைத்திருப்பார். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே விளக்கை வெவ்வேறு அளவில் வாங்கும். ஒரே வெள்ளையிலேயே பல வெள்ளைகள் கிடைத்துவிடும். விலை உயர்ந்த சாமான் எதுவும் வேண்டியதில்லை என்பதற்காகவும் இவரைச் சொல்கிறேன். செலவைப் பற்றி நீ கவலைப்பட்டிருந்தாய்.

நிறம் வைத்தே தீர வேண்டும் என்றால் அர்ஜென்டினாவில் பிறந்து 1957இல் பாரிஸில் குடியேறிய லூயிஸ் தொமசெல்லோ ஒரு வழி காட்டியிருக்கிறார். வெள்ளைப் பலகையில் சின்னச் சின்ன வெள்ளைக் கனசதுரங்களை ஒட்டி, நமக்குத் தெரியாத பின்பக்க முகங்களில் மட்டும் பளிச்சென்ற நிறம் அடித்தார். வெளிச்சம் அந்த முகத்தில் பட்டுத் திரும்பிப் பலகையில் விழும். கட்டைகளைச் சுற்றி இளஞ்சிவப்போ பச்சையோ மங்கலாகப் படர்ந்திருக்கும். எங்கே பூசியிருக்கிறது என்று தேடினாலும் முன்னால் நின்று கண்டுபிடிக்க முடியாது. உன் கான்வாஸின் வளைந்த இடது ஓரத்துக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அதன் பின்விளிம்பில் நிறம் அடித்துச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டிப் பார்.

கியூபாவின் ஸீலியா சான்செஸைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நான் இதுவரை சொன்னதற்கு அவர் கொஞ்சம் விரோதமானவர். 1926இல் ஹவானாவில் பிறந்து, பின்னால் புவெர்ட்டோ ரிக்கோவில் வாழ்ந்து 2024இல் இறந்தவர். அப்பா இறந்த பிறகு, அவர் படுத்திருந்த படுக்கை விரிப்பு கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. காற்று அதைக் கொண்டுபோய் ஒரு குழாயின்மேல் படிய வைத்தது. அந்தக் காட்சியிலிருந்துதான் மரச்சட்டத்தின்மேல் துணியை முட்டவிடும் யோசனை பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். உடம்பைப் போன்ற வளைவுகள், வெளிர் நீலம், வெளிர் சாம்பல், இளஞ்சிவப்பு. இவர் புடைப்பின்மேல் நிறத்தையும் கோட்டையும் வைக்கிறார். ஆனால் அந்த நிறம் நிழலுக்குப் பதிலாக வந்ததில்லை. நிழலோடு ஒரு பேச்சுவார்த்தை நடத்துகிறது. வெளிச்சம் குறைவு என்பதற்காக அவர் சாம்பல் பூசவில்லை. நீ அதற்காகத்தான் பூசினாய். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் நாளைக்கு நீயும் தாராளமாகச் சாம்பல் பூசலாம்.

சரி, ஹால் விஷயத்துக்கு வருவோம். கொத்தனார் பூச்சுவேலை முடிந்ததும் பல்பைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மேடு பள்ளம் பார்ப்பதை நீ கவனித்திருப்பாய். நேராகப் பிடித்தால் எல்லாச் சுவரும் சமமாகத்தான் தெரியும். உனக்கு வேண்டியதும் அதே சாய்வு வெளிச்சம்தான். கணக்கும் சுலபம். சுவரோடு 45 பாகை கோணத்தில் விழும் விளக்கு, சுவரிலிருந்து 1 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆணிக்கு 1 செ.மீ. நிழல் தரும். அதே விளக்கைச் சுவருக்கு நெருக்கி 15 பாகைக்குக் கொண்டுவந்தால் நிழல் கிட்டத்தட்ட 3.7 செ.மீ. நீளும். துணிச்சரிவு விளக்கின் கோணத்தைவிடச் செங்குத்தாக இருந்தால்தான் இப்படி விழும் நிழல் கிடைக்கும். இல்லாவிட்டால் மங்கல் மட்டும்தான் வரும், அதுவும் அழகுதான். ஆகவே ஆணிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று தீர்மானிக்கும்போதே விளக்கு எங்கே இருக்கும் என்பதையும் தீர்மானித்துவிட வேண்டும்.

ஹால்காரர்களிடம் உன் சுவருக்கு எதிரே இருக்கும் டியூப்லைட்களை அணைக்கச் சொல். தயங்காதே. பிரேம் மாட்ட ஆணி கேட்பதுபோல இதையும் கேட்கலாம். மேலே ஒரு பக்கத்திலிருந்து ஒரே ஒரு விளக்கு போதும். இரண்டு பக்கமும் விளக்கு போட்டால் ஒன்று உண்டாக்கும் நிழலை மற்றது கரைத்துவிடும். நிழலின் விளிம்பு கறாராக வேண்டுமென்றால் சின்ன ஸ்பாட்லைட், மெத்தென்று வேண்டுமென்றால் அகலமான விளக்கு. பெயின்ட் மட்டும் மேட் ஆகவே இருக்கட்டும். பளபளப்பு வந்தால் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும், சரிவு முழுக்க வீணாகிவிடும்.

உன் போன் படத்தை நம்பி எந்த முடிவும் எடுக்காதே. போன் தானாகவே நிழலை வெளுக்க வைக்கிறது. ஃபிளாஷ் போட்டால் கேட்கவே வேண்டாம். சந்தேகம் இருந்தால் உன் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார். மேடுகள் குழிகளாகவும் குழிகள் மேடுகளாகவும் மாறித் தெரியும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பழகியிருப்பதால் இப்படி. உன் கான்வாஸை அடியிலிருந்து வெளிச்சம் போட்டு மாட்டினாலும் இதே குழப்பம் வரும். விரும்பினால் தெரிந்தே செய்து பார்.

கடைசியாகத் தூசி. மேடுகளின் மேல்பக்கச் சரிவுதான் வெளிச்சத்தை அதிகம் வாங்கும் இடம், தூசி படிவதும் அங்கேதான். சில மாதங்கள் விட்டால் பளிச்சென்று இருக்க வேண்டிய இடம் சாம்பலாகி, நிழல் தலைகீழாகிவிடும். மிருதுவான உலர்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக லேசாகத் தட்டிவிடு. ஈரத்துணி வேண்டாம். வெறும் விரலால் உச்சிகளைத் தொடாதே. கொண்டுபோகும்போது பபிள் ஷீட்டை நேரடியாக முகப்பில் சுற்றாமல், ஓரங்கள் மட்டும் தாங்கும்படி ஆழமான பெட்டி செய்துகொள். பெட்டிக்கு அளவு எடுக்கும்போது ஆணி உச்சிகளுக்கு மேல் இரண்டு விரல் இடம் விடச் சொல்லு.

வெள்ளை அடித்து முடித்து, விளக்கும் மாட்டியதும் தகவல் சொல். நேரிலேயே வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா