இறப்பர் வட்டும் ஒரு தந்தையின் கோபமும்

ஆசிரியருக்கு,

மகனின் விமானப் பயிற்சி பற்றி ஒரு தந்தை எழுதியிருந்த கடிதத்தைக் கடந்த ஞாயிறு வாசித்தேன். தரையிறங்க வரும் நேரத்தில் பயிற்றுநர் வேண்டுமென்றே கருவியை மறைத்துப் பிள்ளையைக் குழப்பினாராம். இன்னொரு மணித்தியாலப் பறப்புக்குக் காசு கட்ட வேண்டி வந்ததாம். இரத்மலானை விமான நிலையத்தில் பல வருடம் அதே வேலையைச் செய்தவன் நான். குளியலறைச் சுவரில் கொளுக்கி ஒட்டுவோமே, அந்த மாதிரி ஓர் இறப்பர் வட்டு. கருவியின் முகத்தை மறைக்க அதுதான் எங்கள் ஆயுதம்.

விமானம் சாய்கிறதா என்று காட்டும் கருவிதான் செயற்கை அடிவானம். அதை இயக்கும் வெக்கியூம் பம்ப் நின்றால் அது உடனே விழாது. உள்ளே சுழலும் ஜைரோச் சக்கரத்தின் வேகம் குறையக் குறைய மெல்லச் சாயும். பொடியன் அதை நம்பி நிமிர்த்தப் போய், நேராக இருந்த விமானத்தைச் சாய்த்துவிடுவான். அதை மறைத்துவிட்டு மற்றக் கருவிகளோடு பறக்கப் பழக்குவது அதற்காகத்தான்.

இறங்கும் பாதைக்கு மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்று வானொலிச் சமிக்ஞையால் ஊசியில் காட்டும் கிளைட் ஸ்லோப் இன்னும் பொல்லாதது. சமிக்ஞை நின்றால் பழைய கருவிகளில் ஊசி நடுவில் வந்து நிற்கும். பார்த்தால் அச்சொட்டாகப் பறப்பது போல இருக்கும்! ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்புக் கொடி மட்டும் எட்டிப் பார்க்கும். 1997 ஓகஸ்டில் குவாமில் கொரியன் எயார் விமானம் மலையில் மோதி 200 பேருக்கு மேல் இறந்தபோது, அங்கே கிளைட் ஸ்லோப் சேவையில் இருக்கவில்லை. அது வேலை செய்கிறதா இல்லையா என்று விமானி அறையில் கடைசிவரை குழப்பம்.

ஒருமுறை ஒரு மாணவனுக்கு அந்த ஊசியை மறைத்தேன்.

"சரி சேர், லோக்கலைசரை மட்டும் வைத்து இறங்குறன்" என்றான். லோக்கலைசர் ஓடுபாதைக்கு நேராக வருகிறோமா என்று மட்டும் காட்டும், உயரத்தைக் காட்டாது.

"எவ்வளவு நேரத்துக்கு?"

பதில் இல்லை. ஸ்டொப்வோட்சை அவன் அழுத்தவேயில்லை. இறுதி இறக்கம் தொடங்கும் புள்ளியிலிருந்து ஓடுபாதைவரை 5 கடல்மைல், தரைவேகம் 90 நொட் (மணிக்கு 90 கடல்மைல்) என்றால் 3 நிமிடம் 20 செக்கன். அதற்குள் ஓடுபாதை தெரியாவிட்டால் மேலே போக வேண்டியதுதான். தொடங்காத கடிகாரத்தில் எதைப் பார்ப்பது? மேலேறினோம். பிறகு தரையிறங்கிக் காலி வீதிக்கு வரும்வரை அவன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த முறை எல்லாக் கருவியும் ஒழுங்காக இருந்தும் முதல் வேலையாக ஸ்டொப்வோட்சை அழுத்தினான்.

ஆனால் அந்தத் தந்தை பயிற்றுநரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம். பறக்க முன் தரையில் இருத்தி இதை விளங்கப்படுத்தினாரா? அன்று மகன் தெளிந்த வானத்தில், வெளியே பார்க்க விடாமல் மறைக்கும் ஹூட் போட்டுப் பறந்தானா, இல்லை மேகத்துக்குள்ளேயா? மேகத்துக்குள் வைத்து மறைத்திருந்தால் முறைப்பாட்டில் நானும் கையெழுத்து வைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்,
வெள்ளவத்தை.