பூட்டிக் கிடக்கும் கேமரா: நான்காவது கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்கும் கேமராவை இயக்க ஆள் நியமிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கிறேன். சாக்கடை வேலையைப் பார்வையிடத் தாங்கள் போன மாதம் வந்த அதே தெரு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இதே விஷயத்துக்கு மூன்று முறை மனு கொடுத்தேன். மூன்று ரசீது இருக்கிறது, பதில் இல்லை.

1. என் மகள் 30 வாரத்தில், 1,250 கிராமில் பிறந்தாள். 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரையில் ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து பார்வையே போகலாம், 30 நாளுக்குள் கண்ணைப் பார்த்தாக வேண்டும் என்று நர்ஸம்மா சொன்னார். வெளியே பார்த்தால் கண்ணில் ஒரு குறையும் தெரியாது.

2. அதற்கான கேமரா நம் பெரியாஸ்பத்திரியிலேயே இருக்கிறது. இங்கே படம் எடுத்து அனுப்பினால் மதுரையில் விழித்திரை டாக்டர் பார்த்துச் சொல்வார். இயக்கத் தெரிந்தவர் மாறுதலாகிப் பதினோரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து பூட்டுத்தான்.

3. அதனால் வாரம் ஒரு முறை மதுரை. விடியற்காலை 4 மணி பஸ். வாந்தி மூச்சுக்குழாயில் போய்விடும் என்பதால் பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பாலை நிறுத்த வேண்டும். பஸ் எப்போது போய்ச் சேரும் என்று தெரியாமல் எப்போது நிறுத்துவது? நம் கேட் போட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று தங்களுக்கே தெரியும். பசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் முனகுவாள். எனக்குப் பால் சுரந்து சேலை நனையும், கொடுக்க முடியாது. அங்கே போய் கண்மணி விரிய மருந்து விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு, அப்புறம் படம் எடுப்பது சில நிமிட வேலை. அதற்காக ஒன்றரைக் கிலோ பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போக வர ஆறு மணி நேரம். மூன்றாம் தடவை குளிர்காற்றில் உடம்பு சில்லிட்டு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஒரு பாட்டி தன் கம்பளியைக் கழற்றிச் சுற்றினார். கண்ணைக் காப்பாற்றப் போய் உயிரைக் கொடுக்க வேண்டுமா அம்மா?

4. நான்காம் தடவை, 48 மணி நேரத்துக்குள் லேசர் என்றார்கள். செய்தோம். இப்போது விளக்கைப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்த கட்டில்காரிக்கு இரண்டாம் தடவைக்கு மேல் பஸ் காசில்லை. அவள் பிள்ளை விளக்குப் பக்கம் திரும்புவதே இல்லை. கேமரா இருந்தது, பூட்டியிருந்தது என்று அவளிடம் யார் போய்ச் சொல்வது?

5. கர்நாடகத்தில் 2008இலிருந்து டெக்னீஷியன்களே கேமராவோடு மாவட்டம் மாவட்டமாகப் போகிறார்கள். நம் மாநிலத்தில் 1996இல் பிறந்த குறைமாதப் பெண் குழந்தை ஒன்று இதே நோயால் பார்வை இழந்ததற்கு, உச்ச நீதிமன்றம் 2015இல் சுமார் 1.8 கோடி ரூபாய் கொடுக்கச் சொன்னது. எங்களுக்குப் பணம் வேண்டாம்.

6. ஒருவரைப் போடுங்கள். வாரம் ஒரு நாள் வந்தாலும் போதும்.

7. இன்னொரு ரசீது வேண்டாம் அம்மா, ஆள் வேண்டும். எங்கள் தெருப் பெண்ணின் குழந்தை இப்போது அதே வார்டில் இருக்கிறது. அதற்கு இன்று 22ஆம் நாள்.

இப்படிக்கு,
ஒரு குறைமாதக் குழந்தையின் தாய்,
ஆற்றங்கரைத் தெரு.