ரசத்துக்கு ஆகாத தக்காளி

காக்ஸ் டவுன், பெங்களூரு
பிப்ரவரி 9

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்வதில் பாதி குழாய்த் தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன வாரம் ரெண்டு விஷயம் கேட்டாய். நீ பிரான்ஸில் தூலூஸுக்குப் போனதிலிருந்து ரசம் ஏன் ரசமாகவே வர மாட்டேன் என்கிறது என்பது ஒன்று. புது வீட்டுப் பின்பக்கம் இருக்கிற கையகல மண்ணில் எந்தத் தக்காளியை வைக்கலாம் என்பது இன்னொன்று. ரெண்டையும் தனித்தனியாகக் கேட்டாய். எனக்கென்னவோ ரெண்டுக்கும் ஒரே இடத்தில்தான் பதில் இருக்கிறது என்று படுகிறது.

முதலில் உன் ரசப்பொடியைத் திட்டுவதை நிறுத்து. அது நான் வறுத்து அரைத்த பொடி, அதில் ஒரு குறையும் கிடையாது. நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தையில் வாங்கின 'கர் த பெஃப்' தக்காளி என்று பெருமையாக எழுதியிருந்தாய். காளையின் இதயம் என்று அர்த்தமாமே. படத்தில் இருப்பது வரிவரியாக மடிந்து, காம்புப் பக்கம் இறுக்கிக் கட்டின மாதிரி, அசல் உன் பாட்டியின் சுருக்குப்பை. இதயம் என்றால் அப்படி இருக்காதடி. தோள் அகலமாக, மேனி வழுவழுப்பாக, கீழே போகப் போகக் கூம்பி ஒரு சின்ன மூக்கோடு முடியும். உங்கள் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரில் குவித்து வைத்திருப்பதில் பெரும்பாலும் வரி விழுந்த வேறு வகை ஹைப்ரிட்தான். பார்க்க அழகு, அறுத்தால் உள்ளே வெற்றிடம்.

சரி, நிஜ இதயத் தக்காளியாகவே இருந்திருந்தாலும் ரசம் வந்திருக்காது. அதை நான் இந்த வருஷம் என் நாக்கிலேயே தெரிந்துகொண்டேன்.

உனக்குத் தெரியும், செப்டம்பரில் மாடியில் மூன்று இதய வகை போட்டேன். மாடித்தோட்டக்காரர்கள் கூடி விதை மாற்றிக்கொள்ளும் இடத்தில் கிடைத்தவை. அன்னா ரஷ்யன், இத்தாலிக்காரர்களின் குவோரே தி பூவே, அப்புறம் ஆரஞ்சு ரஷ்யன் 117. பக்கத்திலேயே ராயக்கோட்டையிலிருந்து மாமா கொடுத்த நாட்டுத் தக்காளியும் ஒரு செடிப்பையில் போட்டேன். ஜனவரி முதல் வாரத்தில் முதல் அன்னா ரஷ்யன் பழுத்தது. ரோஸும் சிவப்பும் கலந்த நிறம், சமையலறைத் தராசில் 310 கிராம். ஒரே பழத்தில் ஒரு வேளை ரசம் என்று குதூகலமாகப் பிசைந்தேன். பிசையவே வரவில்லை. கையில் சதை சதையாகத் திரண்டது, சாறு இறங்கவில்லை. கொதித்து நுரை கட்டினபோது வாசனை இனிப்பாக வந்தது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "பழ சூப்பா?" என்றார். அவரிடமிருந்து வருகிற நேரடியான திட்டு அவ்வளவுதான், உனக்கே தெரியும்.

இன்னொரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. நாட்டுத் தக்காளியை வெட்டினால் விதையும் வழவழப்பான சாறும்தான் பாதி. இதயத் தக்காளியில் சதைதான் எல்லாம். விதை அங்கொன்று இங்கொன்று, அதைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கொழகொழப்பு. அந்தப் பழத்தில் எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு விதை. தக்காளியின் புளிப்பு அதிகம் இருப்பது அந்தக் கொழகொழப்பில்தான். நாக்கை இழுக்கிற அந்த ருசி, அஜினோமோட்டோவில் இருக்கிற அதே குளுட்டமேட், அதுவும் சதையை விட விதையைச் சுற்றின சாற்றில்தான் கூடுதல். விதையே இல்லாத பழத்தில் ரசம் வைத்தால் எங்கிருந்து வரும்? புளியைக் கூட்டிப் பார்த்தேன், புளிக்கரைசல் தனியாகவும் தக்காளி தனியாகவும் நின்றன. நீயும் அங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன்.

அதனால் இன்றிலிருந்து ரசத்துக்கு அந்தக் குட்டிச் செர்ரி தக்காளியை வாங்கு. பதினைந்து இருபது பழத்தைத் தோலோடு கையால் நசுக்கிப் போடு. அதில் புளிப்பும் இருக்கும், இனிப்பும் இருக்கும், சாறும் இருக்கும். கீழ் வீட்டு ஆன்ட்டி சாறு (ரசத்துக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர்) வைக்க நாட்டி டொமேட்டோதான், அதாவது நாட்டுத் தக்காளிதான், வேண்டும் என்று ஃப்ரேசர் டவுன் மார்க்கெட் வரை நடந்து போவார். நான் சிரித்திருக்கிறேன். இனிச் சிரிக்க மாட்டேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். தமிழ்நாட்டில் நம் ஊர்ப் பக்கம் காய்கறிக் கடைகளில் கெட்டித் தோல் ஹைப்ரிடுக்குப் பெயரே 'பெங்களூர் தக்காளி'. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் மார்க்கெட்டில் போய் "பெங்களூர் தக்காளி வேணாம், நாட்டுத் தக்காளி குடுங்க" என்று தமிழில் கேட்டேன். கடைக்காரர் தமிழர்தான். "அம்மா, இங்க எல்லாமே பெங்களூர்தான்" என்றார்.

இதயத் தக்காளியை நான் குறை சொல்வதாக நினைக்காதே. ரசத்துக்கு ஆகாது, அவ்வளவுதான். தொக்குக்கு அதை அடிக்க ஆளில்லை. ஒரு கிலோ நாட்டுத் தக்காளியைத் தொக்காக்க முக்கால் மணி நேரம் அடுப்படியில் நின்று, தெறிக்கிறதை எல்லாம் கையில் வாங்கிக்கொண்டு கிளற வேண்டும். குவோரே தி பூவே இருபத்தைந்து நிமிஷத்தில் சுருண்டு எண்ணெய் பிரிந்துவிட்டது. வற்ற வேண்டிய தண்ணீரே அதில் குறைவு. மூன்றில் கொஞ்சமாவது புளிப்பு இருப்பதும் அதில்தான், அதனால் வெந்தயப் பொடிக்கும் பெருங்காயத்துக்கும் ஈடு கொடுக்கிறது. அன்னா ரஷ்யன் பச்சையாகத் தின்ன. ஒரு வில்லை வெட்டி, கல்லுப்பை நுணுக்கித் தூவி, அஞ்சு நிமிஷம் விட்டுத் தின்று பார். கொஞ்சம் சாறும் ஊறி வரும், தேன் மாதிரி ஒரு பின்ருசியும் உண்டு. ஆரஞ்சு ரஷ்யனை வெட்டினால் மஞ்சள் சதைக்குள் அடியிலிருந்து சிவப்பு தீ மாதிரி ஏறியிருக்கும். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். எனக்கு அதன் ருசி மந்தம். பப்பாளியும் தக்காளியும் சண்டை போடாமல் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற மாதிரி. ஆனால் அப்பாவுக்கு வயிற்றில் அமிலத் தொந்தரவு இருப்பதால் அவருக்கு அதுதான் பிடித்தது. மிளகாய்த் தூள் தொட்டு மாங்காய்ப் பத்தை மாதிரித் தின்றார்.

இனிச் செடியைப் பற்றி. இங்கேதான் நான் ஏமாந்தேன், கவனமாகப் படி.

இந்த வகைச் செடிகளுக்கு இலை மெலிசு, பிறவியிலேயே தொங்கின மாதிரிதான் இருக்கும். நாட்டுத் தக்காளி பக்கத்தில் வாட்டசாட்டமாக நிற்கும்போது இது மூன்று நாள் ஜுரத்தில் படுத்து எழுந்த பிள்ளை மாதிரி நிற்கும். நான் பயந்து காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் தண்ணீர் ஊற்றினேன். பத்தே நாளில் ஒரு குவோரே தி பூவே நிஜமாகவே வாடி விழுந்தது. பையைக் கவிழ்த்தால் வேர் பழுப்பாகக் குழைந்து, சாக்கடை நாற்றம். அப்பா வேரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "மலரை ஹாஸ்டல்ல விட்டப்பவும் இதே கதைதான். வாரம் ரெண்டு பார்சல்." நீ அந்தப் பார்சல்களை எல்லாம் என்ன செய்தாய் என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

அதனால் இலையைப் பார்க்காதே, மண்ணைப் பார். விரலை ரெண்டு கணு ஆழம் விட்டு, உள்ளே ஈரம் இருந்தால் விட்டுவிடு. அதே நேரம் காயவும் விடக் கூடாது. டிசம்பரில் எங்கள் தெருவுக்கு ஒன்பது நாள் தண்ணீர் சரியாக வரவில்லை. செடிக்கு இருந்தால் கொடுத்தேன், இல்லாவிட்டால் இல்லை. அப்போது பிடித்திருந்த பிஞ்சுகளில் ஆறு, நுனியில் கறுத்துத் தோல் மாதிரி காய்ந்துபோனது. பழத்தின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சத்து இருந்தாலும், அதைத் தூக்கிக்கொண்டு போகத் தண்ணீர் ஒரே சீராக வேண்டும். இந்தக் கூம்பு வகைகளுக்கு அது இன்னும் சீக்கிரம் வரும். முட்டை ஓட்டைப் பொடி செய்து போட்டேன், ஒரு பிரயோஜனமும் இல்லை. அது மக்கிச் செடிக்குச் சேர்வதற்குள் பருவமே முடிந்துவிடும்.

காய் பிடிப்பதிலும் இதற்குக் கொஞ்சம் செல்லம் அதிகம். ரெண்டு அன்னா ரஷ்யன் செடியில் மொத்தம் பதினொரு பழம். அதே அளவு பையில் நாட்டுத் தக்காளி எழுபதைத் தாண்டி இன்னும் காய்க்கிறது. பூ நன்றாக அதிர்ந்தால்தான் மகரந்தம் உதிரும். சாதாரணத் தேனீ அதைச் செய்யாது. நீலப் பட்டை போட்ட ஒரு தேனீ நம் மாடிக்கு எப்போதாவது வரும், பூவைப் பிடித்துக்கொண்டு உர்ரென்று உறுமும், அது வந்தால் யோகம். வராத நாளில் நீ விட்டுவிட்டுப் போன பேட்டரி டூத்பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போவேன். காலை பத்து மணிக்குப் பூங்கொத்தின் காம்பில் வைத்தால் மஞ்சள் பொடி புகை மாதிரி உதிரும். பக்கத்து மாடியிலிருந்து பார்ப்பவர்கள் நான் செடிக்குப் பல் விளக்கிவிடுவதாக நினைத்துக்கொள்ளட்டும். உங்கள் ஊரில் உடம்பெல்லாம் ரோமமாகக் குண்டு தேனீ உண்டே, அது இந்த வேலையைத் தானே செய்துவிடும். முதலில் வருகிற பூ சில சமயம் ரெண்டு மூன்று பூ ஒட்டின மாதிரி தட்டையாக இருக்கும். கிள்ளி எறிந்துவிடு. நான் ஆசைப்பட்டு விட்டேன், பிளந்தும் தழும்பேறியும் குரங்கு முகம் மாதிரி ஒரு காய் வந்தது.

சூடும் ஆகாது. போன வருஷம் பிப்ரவரியில் விதைத்துக் கெட்டேன். ஏப்ரலில் பகல் 34 டிகிரி, ராத்திரியும் குளிரவில்லை, பூ பூத்துப் பூத்து உதிர்ந்தது. ராத்திரி குளிர்ந்தால்தான் மகரந்தம் உருப்படியாக இருக்கும். பெங்களூரு 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் அக்டோபரிலிருந்து ஜனவரி வரை அந்தக் குளிர் கிடைக்கிறது. உங்களுக்கு நேரெதிர், வெயில் காலத்தில்தான் வளர்க்க முடியும். மார்ச் நடுவில் வீட்டுக்குள் ஜன்னலோரம் விதை போடு. மே 11, 12, 13 தேதிகளை அங்கே பனிப் புனிதர்கள் நாள் என்பார்களாமே, அது கழியாமல் நாற்றை வெளியே நடாதே. ஜூலையில் தூலூஸ் கொதிக்கிறது என்று நீயே புலம்பியிருக்கிறாய். 30 டிகிரிக்கு மேல் பழத்தில் சிவப்பு சரியாக ஏறாது. நுனியில் லேசாக நிறம் திரும்பியதும் பறித்துச் சமையலறையில் வைத்துவிடு, ருசி குறையாது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதே. 12 டிகிரிக்குக் கீழே போனால் வாசனை செத்துவிடும். நீ தக்காளியை எங்கே வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், இப்போதே எழுந்து போய் வெளியே எடு.

நோயைப் பற்றி ஒரே வரி. ஹெசரகட்டாவில் இருக்கிற தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்க்கா ரக்‌ஷக் என்ற ஹைப்ரிட் தக்காளி மாதிரி இலைச்சுருள், வாடல், கருகல் மூன்றையும் தாங்குகிற உடம்பு இந்தப் பழைய வகைகளுக்குக் கிடையாது. அடி இலைகளைக் கிள்ளிவிடு, இலை மேல் தண்ணீர் படாமல் ஊற்று. ஆறடிக்கு மேல் போகும், பலமான கம்பு வேண்டும்.

விதை அனுப்பச் சொன்னாய். அனுப்ப மாட்டேன். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு விதை வர வேண்டுமானால் தாவர நலச் சான்றிதழ் வேண்டுமாம். முப்பது விதைக்கு நான் எந்த ஆபீஸ் படியேறுவது? அன்னா ரஷ்யன் அங்கேயே பழைய ரக விதை விற்பவர்களிடம் கிடைக்கும். உன் இடத்துக்கு ஒரு அன்னா ரஷ்யன், ஒரு செர்ரி தக்காளி, அது போதும். ஆரஞ்சு வேண்டாம், அதற்கு நாள் அதிகம் பிடிக்கும், உனக்குப் பொறுமை கிடையாது. மாப்பிள்ளைக்குத் தொக்கு பிடிக்குமென்றால் மூன்றாவதாகக் குவோரே தி பூவே வை. அதுவும் அவர் நின்று கிளறுவதாக இருந்தால்.

ராயக்கோட்டையில் உன் தாத்தா தக்காளி போட்ட காலத்தில் ருசி என்று யாரும் கேட்டதில்லை. லாரியில் நசுங்காமல் போகுமா என்றுதான் கேட்பார்கள். விலை விழுந்த ஒரு வருஷம் வியாபாரி கூடையைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாத்தா ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மாடுகள் தின்றன. 2023 ஜூலையில் இங்கே கிலோ நூறு ரூபாயைத் தாண்டினபோது எனக்கு அந்தக் குவியல்தான் கண்ணில் நின்றது. இப்போது நான் பதினொரு பழத்துக்கு மூன்றரை மாசம் டூத்பிரஷ் பிடித்தேன் என்று தெரிந்தால் தாத்தா என்ன சொல்வாரோ.

மே மாசம் நட்டதும் படம் அனுப்பு. மத்தியானம் எடுக்காதே, காலையில் எடுத்து அனுப்பு. தொங்கின இலையைப் பார்த்தால் நானே போன் போட்டுத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா