சனிக்கிழமை பேஸ்பால் பிராக்டிஸ் – பெற்றோர் எல்லாரும் படிங்க

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். இந்த வாரம் காலைல 8 மணிக்கே ஆரம்பிச்சிடலாம், ஜோஹன்னஸ்பர்க் கோடைல மத்தியானத்துக்கு மேல மழைய நம்ப முடியாது, இடி கேட்டுச்சுன்னா கடைசி இடிக்கப்புறம் அரை மணி நேரம் யாரும் கிரவுண்டுல கால் வைக்கக் கூடாது.

5, 6 வயசு வாண்டுங்களுக்கு மெத்துனு இருக்கிற பால்தான். உருட்டி விட்டு ரெண்டு கையாலயும் அள்ள வைப்போம். வரிசைல ரொம்ப நேரம் நிக்க வச்சா புல்லு பிடுங்க ஆரம்பிச்சிடுதுங்க, அதனால சின்னச் சின்ன குழுவா பிரிக்கணும், ரெண்டு மூணு அப்பா அம்மா கூட நின்னா நல்லாருக்கும்.

7லேர்ந்து 10 வயசு வரைக்கும்தான் நிறைய வேலை. நம்ம பசங்க கிரிக்கெட்ல ஊறினவங்க. போன வாரம் ஒரு தம்பி அருமையா அடிச்சிட்டு பேட்டோடயே முதல் பேஸுக்கு (அடிச்சதும் ஓடிப் போய் மிதிக்க வேண்டிய முதல் இடம்) ஓடி, கிட்ட வந்ததும் பேட்டை நீட்டி தரையில தேய்ச்சான்! அடிச்சதும் பேட்டை கீழ போடணும், வீசக் கூடாது, முதல் பேஸை மிதிச்சிட்டு வேகம் குறைக்காம நேரா தாண்டி ஓடலாம். இத மட்டுமே 20 தடவை ஓட விடப் போறோம்.

11, 12 வயசுக்காரங்க 46 அடியிலேர்ந்து பிட்ச் பண்ணுவாங்க, அதாவது பேட் பண்றவங்களுக்கு பந்து எறிவாங்க. சின்னப் பசங்க பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கோட விதிப்படி ஒரு நாளைக்கு அதிகபட்சம் 85 பிட்ச்தான், 66ஐ தொட்டாலே 4 நாள் ரெஸ்ட். தயவுசெஞ்சு வீட்டுல போய் மறுபடி எறிய வைக்காதீங்க, அந்த வயசுல முழங்கை எலும்பு இன்னும் வளர்ந்துட்டே இருக்கு, வலிக்குதுன்னு சொன்னா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க.

ஹெல்மெட் இல்லாம பேட்டிங் கிடையாது. தண்ணி, தொப்பி மறக்காதீங்க. வர்றவங்க வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள பிள்ளையோட வயச மட்டும் இங்க போடுங்க.