சேரன்மாதேவி கேட்டுல நின்னப்போ

ஏல மாப்ள,

உன் கடுதாசி வந்து பத்து நாளாச்சு, ஒடனே எழுதணும்னுதான் நெனச்சேன், இங்கன மழையில தெரு பூரா சகதி, கரண்டு வேற வாரதும் போறதுமா இருக்கு, அப்படியே தள்ளிப்போச்சு. கோச்சுக்காத.

உன் தங்கச்சி மவ நாம படிச்ச அதே எம்.எஸ்.டபிள்யூ., அதான் சமூகப்பணி மேல்படிப்புல சேருதேன்னு ஒத்தக்கால்ல நிக்கான்னு எழுதியிருக்க. நாம படிச்சு என்னத்தல கிழிச்சோம், நீயே அவளுக்கு புத்தி சொல்லுன்னு வேற. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. அப்ப எங்கய்யாவும் "ஊருக்கு உழைக்கதுக்கு டிகிரி எதுக்குல?"ன்னுதான கேட்டாரு.

ஹாஸ்டல்ல நம்ம சண்டை ஞாபகம் இருக்கா? நீ அமெரிக்காவுல சமூகப்பணி பாத்த மேரி ரிச்மண்ட் கட்சி. 1917ல அந்தம்மா எழுதுன தடி புஸ்தகத்தத் தலைமாட்டுல வச்சுத் தூங்குவ. டாக்டர் நோயாளியப் பாக்க மாதிரி ஒரு குடும்பத்த நல்லா விசாரிச்சு, எழுதி, அப்புறந்தான் கை வைக்கணும், அதான் தொழிலுக்கே அஸ்திவாரம்னு சாதிப்ப. நான் ஜேன் ஆடம்ஸ் கட்சி, அந்தம்மா 1889ல சிகாகோவுல ஏழைபாழைங்க இருக்க தெருவுலயே ஹல் ஹவுஸுன்னு ஒரு சேவை இல்லத்த ஆரம்பிச்சு அங்கனயே குடியிருந்துச்சே, அதுக்கு என்ன சொல்லுதன்னு விடிய விடிய கத்துவேன்.

இப்ப யோசிச்சா உன் பக்கமும் நியாயம் இருக்கு, ஆனா அந்த விசாரணையில ஒரு பழைய வாடை அடிக்கும்டே. 1601ல இங்கிலாந்துல போட்ட ஏழைகள் சட்டமே தெம்புள்ளவன் ஒரு பக்கம், முடியாதவன் ஒரு பக்கம்னு பிரிச்சுட்டு. 1869ல லண்டன்ல வந்த சாரிட்டி ஆர்கனைசேஷன் சொசைட்டியும் வீடு வீடாப் போயி, இவன் உதவிக்கு லாயக்கானவன்தானான்னு பாத்துச்சு. போன மாசம் பக்கத்து வீட்டு ஆச்சிய முதியோர் பென்ஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். "மவன் சோறு போடலயா?"ன்னு ஊரு கேக்க கேட்டாவ, ஆச்சி தலையக் குனிஞ்சுட்டா. நானூறு வருஷமா அதே கேள்விதான்.

நம்ம நாட்டுல இது படிப்பா வந்தது 1936ல, பம்பாயில, டாட்டா பேருல. கிளிஃபோர்ட் மான்ஷார்ட்னு ஒரு அமெரிக்கப் பாதிரியார் அங்க நாக்பாடாங்கற பகுதியில வேலை பாத்துட்டு ஆரம்பிச்சது. மெட்ராஸுக்கு 1952ல மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மாவால வந்துச்சு. பாடமெல்லாம் கப்பல்ல வந்ததுனாலயோ என்னவோ, நமக்குச் சிகாகோ தெரு தெரிஞ்ச அளவுக்குச் சேரன்மாதேவி தெரியாமப் போச்சு.

போன வாரம் அங்க ஒரு கல்யாணம், போற வழியில ரயில்வே கேட் அடைச்சுட்டான். காமராஜர் கார் இதே மாதிரி ஒரு நாள் நின்னுச்சாம், ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பயகிட்ட ஏன்டே பள்ளிக்கூடம் போகலன்னு கேக்க, "போனா நீ சோறு போடுவியா?"ன்னானாம். பெருசுங்க இன்னிக்கும் சொல்லுத கதைதான். பள்ளிக்கூடத்துல சோறு போடுதது அவரு கண்டுபிடிச்சதில்ல, 1920லயே மெட்ராஸ் ஆயிரம் விளக்குல தியாகராயச் செட்டியார் போட்டிருக்காரு. ஆனா 1956ல எட்டயபுரத்துல, அப்ப அதுவும் நம்ம திருநெல்வேலி ஜில்லாதான, ஆரம்பிச்சது மாநிலம் பூரா போச்சு.

இன்னொண்ணு இருக்கு பாத்துக்க. இதே சேரன்மாதேவியிலதான் சுதந்திரப் போராட்டக்காரர் வ.வே.சு. ஐயர் நடத்துன குருகுலப் பள்ளிக்கூடம் இருந்துச்சு, பிராமணப் பையங்க ரெண்டு பேருக்கு மட்டும் தனிப் பந்தி போட்டாங்கன்னு பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சண்டைக்குப் போயி, காங்கிரஸே ரெண்டுபட்டுச்சு. அது 1924, 25 வாக்குல. முப்பது வருஷம் கழிச்சு ஆடு மேய்ச்ச அந்தப் பய சோறு கேக்கான். அரிசி கெடச்சாலும் பந்தி கெடைக்கணும்லா! நமக்கு இத ஒரு வாத்தியாரும் சொல்லித் தரல, நாமளும் கேக்கல.

கேட் தெறக்க நேரமாச்சு, அப்பதான் நம்ம ஃபீல்டு ஒர்க் ஞாபகம் வந்துச்சு. முக்கூடல்ல, ஃபார்மும் கையுமா, நாப்பது கேள்வியோட ஒரு திண்ணையில உக்காந்தோமே. பீடி சுத்துத அந்த வீட்டம்மா தட்டுல இலையும் தூளுமா வச்சுக்கிட்டு, தலையத் தூக்காமலே பதில் சொன்னா, விரல் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1976லயே பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம் வந்தாச்சு, பீடிக்கு செஸ்ஸுன்னு தனி வரி போட்டு அதுல ஆஸ்பத்திரி, புள்ளைங்களுக்கு ஸ்காலர்ஷிப், வீடுன்னு எல்லாம் உண்டு, நாம கிளிப்புள்ள மாதிரி ஒப்பிச்சோம். கம்பெனி புஸ்தகத்துல அவ பேரே இல்ல, பேரு இல்லன்னா தொழிலாளி அட்டை இல்ல, அட்டை இல்லன்னா ஒண்ணுமில்ல. (2017ல ஜி.எஸ்.டி. வந்ததோட அந்த செஸ்ஸும் போச்சு, அது வேற கத.) கடைசியில, "இம்புட்டு கேட்டியளே தம்பி, இத எழுதிட்டுப் போனா கூலி கூடுமா?"ன்னா. நீ பேனாவ மூடிட்ட. பஸ்ஸுல பாளையங்கோட்டை வர வரைக்கும் நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிடல. ரிச்மண்டும் இல்ல ஆடம்ஸும் இல்ல.

புள்ள சேரட்டும்ல, தடுக்காத. சம்பளம் கம்மிதான், அதையும் மறைக்காமச் சொல்லிரு. தை மாசம் அவளக் கூட்டிக்கிட்டு வா, டோனாவூர் புள்ளைங்க காப்பகத்தையும் பாளையில காது கேளாத புள்ளைங்க பள்ளிக்கூடத்தையும் காட்டுதேன், முக்கூடலுக்கும் போவோம். வரும்போது அந்தப் பழைய ஃபார்ம் உன் பெட்டியில கெடக்கான்னு ஒரு தடவ பாரு. அந்தம்மா கேட்ட கேள்விய நாம அதுல எங்கயாவது எழுதுனோமான்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம்.