உளவியலை விட்டுவிடாதே, கயல்

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். "ரெண்டையும் சேர்த்துப் படிக்க முடியலப்பா, உளவியலை விட்டுட்டு நரம்பியலை மட்டும் வெச்சுக்கலாம்னு பார்க்கிறேன். எல்லாம் மூளைக்குள்ளதானே இருக்கு" என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. போனில் எனக்கு உடனே பேச வராது.

பாட்டிக்கு வாதம் அடித்தபோது நீ ஊரில் இல்லை. வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் நின்றுவிட்டது. டாக்டர் ஸ்கேனில் இடது பக்கம், முன்புறமாக ஒரு கருப்புத் திட்டைக் காட்டினார். 'டான்' என்ற ஒரே சத்தத்தைத் தவிர வேறு பேச்சு வராமல் இறந்துபோன ஒருவரின் மூளையில், 1861-இல் பிரோக்கா என்ற மருத்துவர் பழுதைக் கண்டதும் அந்தப் பக்கம்தான் என்று அன்றைக்கு நீதான் எனக்கு விளக்கினாய். பேச்சு போனாலும் நாம் சொல்வது பாட்டிக்குப் புரியும் என்றாய். அந்த ஒரு வார்த்தைக்கே உன்னைப் படிக்க வைத்தது தகும்.

ஆனால் பக்கத்து வீட்டு அத்தை வந்தால் பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது எந்த ஸ்கேனிலும் தெரியவில்லை. தெருவுக்கே பஞ்சாயத்து பேசியவள் இல்லையா, வெட்கம். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்தான் அதைக் கண்டுபிடித்தாள். எங்களை வெளியே அனுப்பிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் தேவாரம் முனகினாள். திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் பாட்டி காலமெல்லாம் கேட்டது. பாட்டியின் இடது கை மெத்தையில் தாளம் போட்டது. இரண்டாவது வரியில் வார்த்தை வந்தது, முழுசாக. கதவுக்கு வெளியே நின்று அழுதுவிட்டேன். பாட்டுக்கு மூளையின் வலது பக்கமும் கை கொடுக்கும் என்று நீ சொல்வாய். சரி. ஆனால் கூச்சப்படுகிறவளை முதலில் பாட வைக்கத் தெரிய வேண்டுமே, கயல்.

நீ சொன்ன ஹென்றி மொலைசனையே எடுத்துக்கொள். 1953-இல் வலிப்புக்காக, மூளையில் நினைவைப் பதிக்கிற ஹிப்போகாம்பஸின் முன்பகுதியை இரண்டு பக்கமும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் எது நடந்தாலும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. ஆனால் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னபோது, நாளுக்கு நாள் கோடு திருந்திக்கொண்டே வந்தது. அவருக்கோ வரைந்த ஞாபகமே இல்லை! கைக்கு வேறு நினைவு உண்டு என்று காட்டியது காகிதமும் பென்சிலும்தானே? நானும் கடைக் கண்ணாடியை வைத்து வரைந்து பார்த்தேன். மூலையில் திரும்பும்போது பென்சில் எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

என் தொழிலும் அப்படித்தான். குறிஞ்சிப்பாடிப் பக்கமிருந்து கரிந்த மோட்டார் வரும். காயிலை மட்டும் கட்டிக் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்பி வரும். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஓட்டினீர்களா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று ஆளிடம் கேட்க வேண்டும். பிரித்துப் பார்க்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும்.

பாரம் அதிகமென்றால் இந்தப் பருவத்தில் ஒரு பாடத்தைத் தள்ளி வைக்க முடியுமா என்று கேள். பணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உளவியலை மட்டும் விட்டுவிடாதே.

பாட்டிக்கு உன் பெயர் இன்னும் வரவில்லை. 'க' வரை வந்து நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது, பேசுவதற்கு முன்னால் நீயே ஒரு வரி பாடு. போனை அவள் காதில் வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா
கடலூர்