என்சிலாடா ஏன் குழைகிறது?

அன்பு கயலுக்கு,

டெக்சாஸின் கிங்ஸ்வில்லில் நீங்கள் சாப்பிடப் போன அந்தச் சின்ன மெக்சிகன் கடையைப் பற்றி உன் ரூம்மேட்டுகள் ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒருத்திக்கு என்சிலாடா, அதாவது கிரேவியில் தோய்த்துச் சுருட்டிய சோள ரொட்டி, குழைந்துவிட்டது, இன்னொருத்திக்குச் சோறு வறட்சி. நீயோ பீன்ஸ் சைவம்தானே என்று கேட்கிறாய். உன் கேள்விதான் அவசரம், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ரீஃப்ரைட் பீன்ஸ் என்பது வேகவைத்த பின்டோ பீன்ஸைக் கொழுப்பில் போட்டு மசிப்பது. தெற்கு டெக்சாஸில் பழைய வழக்கப்படி அது பன்றிக் கொழுப்பு, அங்கே அதை மன்டேகா என்பார்கள். "இதில் கறி இருக்கிறதா?" என்று கேட்டால் பரிமாறும் பெண் இல்லை என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. கொழுப்பைக் கறிக்கணக்கில் சேர்ப்பதில்லை, அவ்வளவுதான். அதனால் "மன்டேகாவா, எண்ணெயா?" என்று கேள். சாரோ பீன்ஸ் பக்கமே போகாதே, அந்தக் குழம்பு பீன்ஸில் பேக்கன் என்ற பன்றிக்கறித் துண்டு மிதக்கும். சிவப்புச் சோற்றுக்கு அரிசியை எண்ணெயில் வறுத்துத் தக்காளி அரைத்து ஊற்றுவார்கள். தண்ணீருக்குப் பதில் பெரும்பாலும் கோழிச் சாறு, இல்லாவிட்டால் கோழிப் பவுடர் கரைத்த நீர். சீஸ் என்சிலாடாவையும் நம்பாதே. உள்ளே சீஸ்தான், ஆனால் மேலே ஊற்றும் பழுப்பு கிரேவி மாவைக் கொழுப்பில் வறுத்து, மிளகாய்த்தூளும் சீரகமும் சேர்த்துச் செய்வது. அதில் மாட்டுச் சாறோ கொத்துக்கறியோ சேர்க்கும் கடைகள் நிறைய.

டார்ட்டியா என்கிற மெல்லிய ரொட்டியில் மைதா வகையிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். மக்காச்சோள டார்ட்டியாதான் உனக்குப் பத்திரம். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைத்த மாவு அது. சுண்ணாம்பு சேராத வெறும் சோளமாவு தட்டும்போதே விண்டுவிடும். சோள டார்ட்டியா, குவாக்கமோலே என்ற வெண்ணெய்ப்பழ மசியல், வதக்கிய நொப்பாலிட்டோஸ் என்று கேட்டு வாங்கினால் வயிறு நிறையும். நொப்பாலிட்டோஸ் கள்ளிமடல்தான், நம் வெண்டைக்காய் மாதிரி வழவழப்பு இருக்கும். முட்டை சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்.

இனி அந்த என்சிலாடா. சோள டார்ட்டியாவைச் சூடான எண்ணெயில் சில நொடி முக்கி எடுத்த பிறகுதான் கிரேவியில் தோய்த்துச் சுருட்ட வேண்டும். அந்த எண்ணெய்ப் பூச்சுதான் கிரேவியை உள்ளே இறங்கவிடாமல் தடுக்கிறது. கூட்டம் அதிகமானால் சமையல்காரர் முதலில் தவிர்ப்பது இந்த வேலையைத்தான். அப்புறம் தட்டு மேசைக்கு வருவதற்குள் டார்ட்டியா கூழாகிவிடும். சுருட்டி ரொம்ப நேரம் காத்திருந்தாலும் இதே கதிதான்.

சோறு வறண்டதற்கும் அதே தட்டுதான் காரணமாக இருக்கும். காம்பினேஷன் பிளேட்டில் என்சிலாடா, சோறு, பீன்ஸ் எல்லாம் ஒன்றாக வைத்து, சீஸ் உருகட்டும் என்று அப்படியே மேல்தணலுக்கு அடியில் தள்ளுகிறார்கள். சீஸ் உருகுவதற்குள் மேலாப்பில் இருக்கும் சோறு காய்ந்துவிடும், பீன்ஸில் ஆடை படியும். "ஹாட் பிளேட்" என்று பரிமாறும் பெண் எச்சரித்தால் நிஜமாகவே தட்டைத் தொடாதே. சோற்றைத் தனிக் கிண்ணத்தில் கேட்டால் தருவார்கள். உன் ரூம்மேட்டிடம் சொல்.

மேசையில் முதலில் வரும் சிப்ஸைப் பார்த்தே கடையை எடைபோடலாம். ஈரம் வற்றிய முந்தின நாள் டார்ட்டியாவை வெட்டி, சுமார் 175 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் பொரித்தால் மொறுமொறுவென்று இருக்கும். அன்றே சுட்ட ஈர டார்ட்டியாவோ, சூடு குறைந்த எண்ணெயோ என்றால் சிப்ஸ் எண்ணெய் குடித்து விரலில் ஒட்டும். அப்படிப்பட்ட இடத்தில் பொரித்த எதையும் ஆர்டர் செய்யாதே. சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சல்சா எரித்தால் தண்ணீர் குடித்துப் பயனில்லை, மிளகாயின் காரம் நீரில் கரையாது. சவர் கிரீம் ஒரு ஸ்பூன் போதும்.

ஃபஹீட்டா என்ற வாட்டிய கறித்துண்டுகள் புகையோடு சீறி வருவதைப் பார்த்து மயங்க வேண்டாம். காய்ந்த இரும்புத் தட்டில் ஈரம் பட்டால் எதுவும் சீறும். மாட்டுக்கறி ஃபஹீட்டா ரப்பர் மாதிரி இருந்தது என்று யாராவது சொன்னால், நாரின் போக்கிலேயே வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குறுக்கே வெட்ட வேண்டும்.

ஞாயிறு சர்ச் முடிந்து வரும் கூட்டம் 12 மணிக்கு மொய்க்கும், அப்போது போகாதே. பதினொன்றரைக்குப் போனால் எல்லாம் புதுசாக இருக்கும். திங்கட்கிழமை பல சின்னக் கடைகள் மூடியிருக்கும், போன் பண்ணிவிட்டுக் கிளம்பு.

டிப்ஸில் கை சுருக்காதே. டெக்சாஸில் டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி கையிலிருந்து தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் அந்தத் தொகை மாறவில்லை. வரி சேர்க்காத பில் 14 டாலர் என்றால் 2.80 வை. சோறு காய்ந்தது பரிமாறும் பெண்ணின் தப்பில்லையே.

மிஞ்சிய என்சிலாடாவை மைக்ரோவேவில் வைத்தால் தோல் மாதிரி ஆகிவிடும். ஃபாயில் மூடி, ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் வை. சீஸ் போட்ட சிப்ஸான நாச்சோவைப் பார்சல் கட்டவே கட்டாதே, வீடு வருவதற்குள் நமுத்துவிடும்.

மன்டேகா பற்றி என்ன சொன்னார்கள் என்று அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போடு, அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா